அந்தப் பயல் ரத்தம்

"அந்த ஸ்டைனார் பயலோட ரத்தம் ஒரு சொட்டு என் உடம்புல ஏறினாலும், டாக்டர், எந்திரிச்சு வந்து உன் இடுப்பை ஒடிப்பேன்!"

பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்த போர்கில்ட், எண்பத்து நாலு வயதில் போட்ட சத்தம் லோஃபோட்டன் தீவின் அந்தச் சின்ன ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. படகுத்துறையில் மீனவர்களிடம் பேரம் பேசிப் பேசியே வளர்ந்த தொண்டை. எலும்பு உடைந்தாலும் அது உடையவில்லை.

டாக்டர் ஹால்வருக்குத் தலை சுற்றியது. புயலால் விமானம் வரவில்லை. அவள் வகை ரத்தம் கையிருப்பில் இல்லை. அவசரத்துக்குக் கூப்பிட்டால் வந்து கொடுக்கிறோம் என்று பெயர் கொடுத்தவர்களில் அந்த வகைக்காரன் ஒரே ஆள்தான், மீனவன் ஸ்டைனார். வந்தும் விட்டான். மழைக்கோட்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஏம்மா, இந்த வயசுல ரத்தம் அதிகமாப் போனா உயிருக்கே ஆபத்து."

"எவ்வளவு போகும்?"

"அரை லிட்டர் போகலாம்."

"கால் லிட்டர்ல முடி."

"இது மீன் வியாபாரம் இல்லம்மா!"

"எல்லாம் வியாபாரந்தான். என்ன செஞ்சா குறையும்? அதைச் சொல்லு."

ஹால்வர் பல்லைக் கடித்தார். "கத்தி வைக்கறதுக்கு முன்னாடியே, உறைஞ்ச ரத்தம் கரையாம இருக்க ஒரு மருந்து ஏத்தலாம். உடம்பு சில்லிட்டா ரத்தம் நிக்காது, அதனால சூடா வெச்சுக்கலாம். கசியற ரத்தக்குழாயை உடனுக்குடன் அடைக்கலாம்."

"இதெல்லாம் கேட்டாத்தான் செய்வியோ?"

"கேக்காமலே செய்வேன்! அதுக்கும் மேல போனா, கையில ரத்தம் இருக்கணும்ல?"

"அவன் ரத்தம் வேணாம். அதுல உப்பும் பொய்யுந்தான் ஓடுது. நாறின மீனைப் புதுசுன்னு விக்கறவன்!"

"செத்துத் தொலை, கிழவி!" ஸ்டைனார் கதவை அறைந்துவிட்டுப் போனான்.

சாகிற வயதில் இவ்வளவு வன்மமா! ஹால்வருக்கு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். ஆபரேஷனைத் தள்ளிப்போடவும் வழியில்லை. படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டிவிடும்.

மருந்து ஏறியது. சூடான போர்வை வந்தது. கஞ்சன் காசைப் பிடிப்பதுபோல ஹால்வர் ஒவ்வொரு சொட்டையும் பிடித்துப் பிடித்து வேலை பார்த்தார். யார் ரத்தமும் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை கண் திறந்ததும் போர்கில்ட் கேட்டாள்: "கால் லிட்டர்தானே?"

"கொஞ்சம் கூடத்தான் போச்சு."

"ஏமாத்திட்டே." ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினாள். "புயல் விட்டுருச்சா? ஸ்டைனார் படகு துறையில நிக்குதா, போயிருச்சா?"

"விடியறதுக்கு முன்னாடியே போயிட்டானாம். நீங்க திட்டின திட்டுக்கு இனி உங்க முகத்துலயே முழிக்கமாட்டான். அப்படி என்னம்மா பகை?"

போர்கில்ட் நிம்மதியாகத் தலையணையில் சாய்ந்தாள்.

"பகையா? காட் மீன் கூட்டம் வந்திருக்கிற நேரம்! ரத்தம் குடுத்துட்டு ஒரு நாள் படுடான்னா படுப்பானா? தலைசுத்தலோட தனியாப் படகை எடுப்பான், கடல்ல விழுந்தாத் தூக்கிவிட ஆள் கிடையாது. வேணாம்ப்பான்னு நல்லவிதமாச் சொல்லியிருந்தா, 'அத்தை'ன்னு அழுதுக்கிட்டுக் கையை நீட்டியிருப்பான் அந்த மடையன்!"