வெறுங்கழுத்து

நசரத்பேட்டை சாலையில் வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. மதராஸிலிருந்து வெள்ளைக்காரக் கம்பெனி ஆள் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் ரப்பர் டயர் கட்டை வண்டியைச் சுற்றி ஊரே நிற்கிறது. எட்டு மூட்டை நெல் ஏற்றி, பரந்தாமனின் காளைகளைப் பூட்டி, இரண்டு நடை ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. வாங்குவதா வேண்டாமா என்று புரியாமல் பரந்தாமன் குந்தி உட்கார்ந்து டயரைக் கட்டைவிரலால் அழுத்துகிறான். "மரச் சக்கரத்துல இரும்புப் பட்டை கயண்டா நம்மூரு கொல்லன் போட்டுக் குடுப்பான். இதுல முள்ளு ஏறிச்சுன்னா பூந்தமல்லி சைக்கிள் கடைக்கு ஓடணும். மாசம் ரெண்டு வாட்டி ஓடுனா கட்டுப்படி ஆவுமா?" சுற்றி நிற்பவர்கள் தலையாட்டுகிறார்கள். அவன் மனைவி கன்னியம்மாள் டயர் பக்கமே திரும்பவில்லை. வலப்பக்கக் காளையின் கழுத்தில், நுகத்தடி உரசி உரசி ஆறாத புண்ணில், மஞ்சளும் வேப்பெண்ணெயும் மினுங்குகின்றன. அதில் மொய்க்கும் ஈயை விரட்டிவிட்டு, காளைகள் இரண்டையும் அவிழ்த்துவிடுகிறாள். சேலையை வரிந்து செருகி நுகத்தடிக்குத் தன் தோளைக் கொடுக்கிறாள்.

"இன்னாமே பண்றே?"

"நவுருய்யா."

பாதங்கள் புழுதியில் அழுந்துகின்றன, கழுத்து நரம்பு புடைக்கிறது. வண்டி அசைகிறது, பிறகு சத்தமே இல்லாமல் உருள்கிறது. கூட்டம் விலகி வழிவிடுகிறது. நிமிர்ந்த தலையைத் திருப்பாமலே சொல்கிறாள்: "டயருக்கு நான் போயி ஒட்டுப் போட்டுகினு வரேன்யா. கழுத்துக்கு எந்தக் கடையில ஒட்டுவே?" அவளுக்குப் பின்னால் காளைகள் இரண்டும், வண்டிக்குச் சொந்தக்காரர்களைப் போலக் கொம்பை ஆட்டிக்கொண்டு, வெறுங்கழுத்தோடு நடந்து வருகின்றன.