எதிர்க்கடைக் காற்று

பச்சை லாரி இன்றைக்கும் எதிர்க்கடைக்குள் நுழைந்ததைப் பார்த்ததும் டயர் கடைக்காரருக்கு வயிறு எரிந்தது.

"மத்த லாரியெல்லாம் உங்ககிட்டதானே காத்தடிக்குது? ஒண்ணு போனா போகட்டுமே," என்றார் டீக்கடைக்காரர்.

"அது ஒண்ணு போறதுதான்யா மானக்கேடு! என்கிட்ட இல்லாதது அவன்கிட்ட என்ன இருக்கு?"

ஆத்திரம் தாங்காமல் சாலையைக் கடந்து போனார். எதிர்க்கடைக்காரன் டயரை இரும்புக் கூண்டுக்குள் நிறுத்தி, நீளமான குழாயை மாட்டிவிட்டு, எட்ட நின்று காற்றை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"பயந்தாங்கொள்ளி! நானெல்லாம் டயர் மேலேயே கால் வச்சுக்கிட்டு அடிப்பேன்," என்று கத்தினார்.

லாரியிலிருந்து டிரைவர் குதித்து இறங்கினாள்.

"அதனாலதான் இங்க வர்றேன். இங்க வெடிச்சா கூண்டு தாங்கும். அங்க வெடிச்சா?"

"வெடிச்சா உனக்கென்ன?"

"எனக்கென்னவா? கூண்டு வாங்குங்கன்னு வீட்டுல எத்தனை தரம் சொன்னேன்! என் லாரி டயர் வெடிச்சு என் புருஷன் போயிட்டா, நான் எந்தக் கையால மறுபடி ஸ்டியரிங் பிடிப்பேன்?"

டயர் கடைக்காரர் எதிர்க்கடைக்காரன் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, இந்தக் கூண்டு எங்கே கிடைக்கும்?"