மிஸ்ஸியின் குளிசை

"மிஸ்ஸி மருந்துக் குளிசை எடுக்கிறா. என்ர ரெண்டு கண்ணாலயும் கண்டனான்."

செருப்பைக் கழற்றுமுன்பே புஷ்பவதி கணவரிடம் சொன்னாள்.

ஞானசேகரம் பேப்பரை மடித்தார். "எங்க கண்டனீர்?"

"டிஸ்பென்சரி ஜன்னலடியில. கையெழுத்து வைச்சு வாங்கி, முக்காட்டுக்குள்ள மறைச்சுக்கொண்டு போறா. பேர் குடுத்தும் கனபேருக்குக் கிடைக்கேல்ல. எங்களுக்கு மூச்சுப் பயிற்சி, தனக்குக் குளிசை!"

மிஸ்ஸி என்றது நஜ்முன் நிஸாவை. வேலையிலிருந்து இளைப்பாறிய தாதி. தாதிமாரை எல்லாம் ஊர் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடும். செவ்வாயும் சனியும் காலையில் துறைமுகத்தடி டிஸ்பென்சரி விறாந்தையில் பாய் விரித்து, மூட்டுவாதக்காரப் பெண்களுக்கு மூச்சுப் பயிற்சியும் சின்னச் சின்ன ஆசனங்களும் பழக்குவார். அவருக்கும் அதே மூட்டு வருத்தம்தான். விரல்கள் கோணிப்போயிருக்கும்.

புஷ்பவதி கந்தோரில் டைப் அடிப்பவள். இரண்டு வருடமாக விரலும் மணிக்கட்டும் வீங்கும். விடிய எழும்பினால் சீப்பைப் பிடிக்க ஏலாது. தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. ஆமியின் சுற்றிவளைப்பு நடந்தால், ஷெல் சத்தம் கேட்டால், அடுத்த நாள் வீக்கம் இன்னும் கூடும்.

"மனம் பதறினா உடம்பும் பதறும். குளிசையோட மூச்சுப் பயிற்சியும் செய்து பாருங்கோ" என்று டொக்டர்தான் மிஸ்ஸியிடம் அனுப்பினார்.

"மெல்ல விடுங்க புள்ள. எடுக்கிறதைவிட விடுறதுதான் முக்கியம்" என்பார் மிஸ்ஸி. கூடவே ஒவ்வொரு நாளும் சொல்வார்: "ஆரும் குளிசையை மட்டும் நிப்பாட்டிப் போடாதீங்க."

இப்போது யோசித்தால் அந்தச் சொல்லே புஷ்பவதிக்கு வேறு மாதிரிக் கேட்டது.

"பாத்தீங்களோ, இந்த மூச்சால ஒண்டும் நடக்காதெண்டு அவவுக்கே தெரியும்."

"பிறகேன் மினக்கெட்டுப் பழக்கிறா?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்ல. வீட்டில ஆர் இருக்கினம், நித்திரை வருதோ எண்டெல்லாம் விசாரிக்கிறா. எங்கட வீட்டுக் கதை அவவுக்கு என்னத்துக்கு?"

"இந்தக் காலத்தில ஆர் ஆருக்குச் சும்மா செய்யினம்?" என்றார் ஞானசேகரம். "அதுவும் எங்கட தமிழ் ஆக்களுக்கு அவ."

அந்தக் கடைசிச் சொல் புஷ்பவதியின் மனதில் ஒட்டிக்கொண்டது.

சனிக்கிழமை விறாந்தையில் ஏழு பேர் இருந்தார்கள். மிஸ்ஸி கண்ணை மூடச் சொன்னார். புஷ்பவதி மூடவில்லை.

"மிஸ்ஸி, ஒரு கேள்வி. நீங்கள் இங்க குளிசை எடுக்கிறனீங்களோ?"

மிஸ்ஸியின் முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு சொன்னார்: "ஓம் புள்ள. மாசா மாசம் எடுக்கிறதான்."

"கேட்டீங்களே எல்லாரும்? எங்களுக்குக் காத்தைக் குடுத்திட்டு, தான் மருந்தை எடுக்கிறா. இந்த மூச்சுக் கதை எல்லாம் பொய்!"

சல்லிக் கிராமத்திலிருந்து வரும் கனகம்மா முதலில் எழுந்தாள். கருவாடு காயப்போட்டுக் காயப்போட்டு வீங்கிப்போன கைகள் அவளுக்கு. அவள் எழும்ப, மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பாயைச் சுருட்டினார்கள்.

மிஸ்ஸி மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. அது புஷ்பவதிக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது. குற்றம் இல்லாதவள் வாய் திறக்காமல் இருப்பாளா?

அந்தச் சூட்டோடு நேரே மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் போனாள். உள்ளே மருந்தாளர் இராசையா.

"அண்ணை, ஒரு நியாயம் கேக்க வந்தனான். மிஸ்ஸியின்ர பங்குக் குளிசையை இனிக் கனகம்மாவுக்குக் குடுங்கோ. அவ பாவம், பேர் குடுத்தும் கிடைக்கேல்ல."

"அதுக்கு ஏலாது, தங்கச்சி."

"ஏன் ஏலாது? மிஸ்ஸி உங்களுக்கு வேண்டியவவோ?"

இராசையா கண்ணாடியைக் கழற்றினார். "கந்தளாய்ப் பாதையால லொறி வந்தால்தான் மருந்து. வாறதும் ஆறு பேருக்குத்தான் காணும். பழைய நோயாளருக்கு முதலிடம். உங்கட பேர் ஒன்பதாவது."

"ஒன்பதாவதோ? எனக்கு மாதாமாதம் கிடைக்குதே!"

இராசையா விறாந்தைப் பக்கம் எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"சொல்ல வேண்டாமெண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவ. ஆனா இண்டைக்கு நீங்கள் அவவை நாலு பேருக்கு முன்னால வைச்சுப் பேசினது எனக்கு இங்க கேட்டது. அதுக்குப் பிறகும் பேசாமல் இருக்க என்னால ஏலாது. ஆறு பேரில ஒராள் மிஸ்ஸி. கையெழுத்து வைச்சு எடுத்திட்டு, திரும்பி வந்து என்ர மேசையில வைக்கிறவ. 'டைப் அடிச்சுச் சீவிக்கிற புள்ள. விரல் போனா வேலை போயிரும். அவவுக்குக் குடுங்க' எண்டவ. நாலு மாதமா நீங்கள் போடுறது அவவின்ர குளிசை."

புஷ்பவதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப... மிஸ்ஸி தன்ர நோவுக்கு என்ன செய்யிறவ?"

"நீங்கள் பொய்யெண்டு சொன்னதைத்தான்."