கார்டு மாற்றிய ஞாயிறு

கடைசி வளைவில் ப்ரீதியின் சிவப்புக் கார் அச்சுதனை உரசிக்கொண்டு முந்தியது.

புது கார்டு போட்டும் தோற்றுவிட்டான்.

கட்கி ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் அவன் வீடு முதல் மாடி. அவள் வீடு நேர் மேலே. ஜன்னல் வழியாக ஏறிய நீல கேபிள் ஒன்று இரண்டு கம்ப்யூட்டர்களையும் இணைத்தது. ஞாயிறு காலை தவறாமல் கார் ரேஸ். இரண்டு வருடமாக ஜெயிப்பது ப்ரீதிதான்.

தோற்றதும் அச்சுதன் பழியைக் கிராபிக்ஸ் கார்டு மேல் போடுவான். பழசு, படம் திக்கித் திக்கி வருகிறது. மாற்றவேண்டியதுதானே என்றால், தீபாவளிக்குப் புது மாடல் வருகிறது. தீபாவளி போனதும், அதைவிட நல்லது மார்ச்சில் வருகிறது.

போன ஞாயிறு ப்ரீதி வீட்டுக்கு நாசிக்கிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்து, காபி குடித்துவிட்டுப் போனது. மறுநாளே கார்டு வாங்கிவிட்டான்.

அதில் மழை தெரிந்தது. தார் ரோட்டில் தண்ணீர் மினுங்கியது. முன்னால் போகும் காரின் விளக்கு அதில் நீளமாக விழுந்து நடுங்கியது. அதை வேடிக்கை பார்த்ததில்தான் வளைவைக் கோட்டைவிட்டான்.

ஜன்னலில் தலையை நீட்டி மேலே பார்த்துக் கத்தினான். "இந்த மழைல எப்படி இவ்ளோ ஸ்பீடா திருப்பற?"

"மழையா? எங்க?" என்றாள் ப்ரீதி மேலிருந்து.

மாடியேறிப் போய்ப் பார்த்தான். அவள் திரையில் ரோடு ஒரு சாம்பல் பட்டை. கார் ஒரு சிவப்பு டப்பா. மரம், மழை எதுவும் கிடையாது.

அவள் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான். கார்டு செருகும் இடத்தில் தூசிதான் இருந்தது.

கார்டே இல்லாமல் இரண்டு வருடம் ஜெயித்திருக்கிறாள். அவன் தன் கார்டைத் திட்டிய ஒவ்வொரு ஞாயிறும், ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அச்சுதன் கீழே போய்ப் புது கார்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். அவள் கம்ப்யூட்டரில் செருகினான். பழையதைத் தன்னுடையதில் திரும்ப மாட்டினான்.

அடுத்த ரேஸ். பாதி வழியில் சிவப்புக் கார் ஓரமாக நின்றுகொண்டிருந்தது. திக்கித் திக்கி அதைக் கடந்து, எல்லைக்கோட்டையும் தாண்டினான்.

முதல் வெற்றி. மேலே சத்தமே இல்லை.

மறுபடி மாடியேறினான். ப்ரீதி கன்னத்தில் கை வைத்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரேஸ் முடிந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

ஜெயிக்கிற அன்றைக்குக் கேட்டுவிடுவது என்று இரண்டு வருடத்துக்கு முன்பே முடிவு செய்திருந்தான். கார்டு வாங்காமல் இழுத்தடித்ததும், ஜெயித்தால் கேட்கவேண்டுமே என்ற பயத்தில்தான்.

வாசலில் நின்றபடியே கேட்டான்.

ப்ரீதி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"டீக் ஹை, சரி. ஆனா கார்டத் திருப்பிக் கேக்கக் கூடாது."