வரைபடத்தில் சிவந்த வீடு

முனியராஜுக்குப் பேசியிருந்த பெண்ணின் ஆட்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள், கண்ணுகளா. அவன் அம்மா அன்னக்கொடி உளுந்த வடை சுட்டு வைத்திருந்தாள். பெண்ணின் தாய்மாமன் மூன்றாவது வடையையும் முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு போனில் ஒரு வரைபடத்தைத் திறந்து அன்னக்கொடியிடம் நீட்டினார்.

"ஜாதகம் பொருந்துதுக்கா. வீடுதான் செவப்புல இருக்கு."

ஆள் நடமாட்டம் குறைந்து, மின் நிலையம் கட்டத் தோதாகும் இடங்களை அந்த அரசாங்க வரைபடம் சிவப்பாகக் காட்டும்.

"எப்பக் கட்டுவாங்களாம்?" என்றாள் அன்னக்கொடி.

"முப்பது வருஷம் ஆகலாம், கட்டாமலும் போகலாம். அதுக்குள்ள இந்த ஊர்ல குடியிருக்க ஆளே இருக்காதுன்னு கணக்குப் போட்டுத்தான் செவப்படிச்சிருக்கு. ஆளில்லாத ஊருக்கு எப்படிக்கா பொண்ணு குடுக்கறது?"

"அப்ப இந்த வடையச் சுட்டது பேயா தம்பி?"

அவர் சிரித்தார். ஆனாலும், மாப்பிள்ளை திருப்பூரில் வீடு பிடித்தால்தான் கல்யாணம் என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தார். இதே காரணத்தால் ஏற்கெனவே நான்கு இடம் தட்டிப்போன முனியராஜுக்கு இதையும் விட மனசில்லை. தை மாதம் தாலி கட்டிய கையோடு திருப்பூருக்குக் குடிபோனான். அந்தத் தெருவில் மற்றப் பையன்களுக்கும் அதே நிபந்தனைதான்.

மறுவருஷம் வரைபடத்தைத் திருத்த ஒரு பெண் அதிகாரி டேப்லெட்டோடு வந்தாள்.

"வீட்ல எத்தனை பேரும்மா?"

"நான் ஒருத்திதான்."

அதிகாரி பதிந்துகொண்டு திரையைத் திருப்பிக் காட்டினாள். தெரு முழுக்க அடர் சிவப்பு. "ஊர் காலியாகும்னு எங்க வரைபடம் சொன்னது அப்படியே பலிக்குது பாருங்க" என்றாள் பெருமையாக.

"பலிக்காம என்ன தாயி" என்றாள் அன்னக்கொடி. "குழியையும் வெட்டி வச்சிட்டு, இங்க ஆள் விழும்னு சொன்னவங்கதானே நீங்க."