நடுவில் விட்ட இடம்

"மூணு மாமாவும் மூணு பக்கம் பாக்கறாரே அத்த, இத எப்படி ஒட்டறது?"

கத்தரித்த மூன்று போட்டோக்களைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென முழித்தாள் அன்பரசி. கீழே வெள்ளை சார்ட்டு விரித்துக் கிடந்தது. நாளை மறுநாள் ஆக்னஸின் புருஷன் மிக்கேலுக்கு முதல் வருஷ நினைவுப் பூசை. அதற்குள் அப்பா படங்களை அழகாக ஒட்டி, கண்ணாடி போட்டு மாட்ட வேண்டும் என்று வேலூரில் நர்ஸு படிக்கும் மகள் லிசா போனிலேயே உத்தரவு போட்டுவிட்டாள்.

"வரிசையா ஒட்டு. வேலை முடிஞ்சுது," என்றாள் ஆக்னஸ்.

"ரேஷன் கடை க்யூவா அத்த, வரிசையா நிக்க வெக்க?"

பக்கத்து வீட்டு அன்பரசி பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். ஒரு நாளைக்கு இருநூறு பொம்மை, நானூறு கண். அழகு பற்றி அவள் சொன்னால் கேட்கலாம்தான். ஆனால் ஆக்னஸுக்கு இந்த வேலையே வேண்டா வெறுப்பு. கூட்டத்தோடு எடுத்த படங்களிலிருந்து புருஷனை மட்டும் நறுக் நறுக்கென்று வெட்டிப் போட்டிருந்தாள். மிச்சத் துண்டுகள் தரையெல்லாம் கிடந்தன.

"முகம் எந்தப் பக்கம் பாக்குதோ, அந்தப் பக்கம் எடம் விடணும் அத்த. தாளுக்கு வெளிய பாக்கற மாதிரி ஒட்டினா, பாக்கறவங்க கண்ணும் வெளிய ஓடிப்போயிடும்."

வலது பக்கம் பார்க்கிற மிக்கேலை இடது ஓரத்தில் வைத்தாள். இடது பக்கம் பார்க்கிறவரை வலது ஓரத்தில். குனிந்து பார்க்கிறவரை மேலே. நடுவில் ஒரு கை அகலம் வெறுமையாக நின்றது.

அட, பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"நடுவுல என்னா வெக்கறது?" என்று மட்டும் கேட்டாள் ஆக்னஸ்.

"எல்லாக் கண்ணும் அங்கதான வருது. எது முக்கியமோ அது வரணும். அம்மா போட்டோவும் இருக்கணும்னு லிசா சொல்லிச்சு. உங்களுத வெச்சிடலாமா?"

"என் மூஞ்சி எதுக்கு? இருதய ஆண்டவர் படம் ஒண்ணு வெட்டி ஒட்டு."

"ஏன் அத்த?"

அவ்வளவுதான், மடை உடைந்தது.

"அந்த மனுசன் மொதல்ல பொண்ணு கேட்டு வந்தது எங்க அக்கா விமலாராணியத்தான். சூளையில வேகற மாப்பிள்ளை வேணாம்னுட்டா அவ. வந்தவரு வெறுங்கையோட போவக் கூடாதுன்னு என்னப் புடிச்சுக் கட்டி வெச்சாங்க. இருபத்திரண்டு வருஷம்! வாயத் தொறந்து ஆசையா ஒரு வார்த்த பேசினவரு இல்ல. இந்தப் போட்டோவப் பாரு, ஒண்ணுலயாவது நேரா பாக்கறாரா? எல்லா விசேஷத்துக்கும் அக்கா வந்துடுவா. அவ நின்ன பக்கம் கண்ணு போயிருக்கும், வேற என்னா?"

முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். "செத்தவருகிட்ட சண்டையா போட முடியும்? அவரு நடுவுல நான் எதுக்கு? வேணாம் அன்பு, விட்டுடு."

பாவமாக இருந்தது அன்பரசிக்கு. தரையில் கிடந்த துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். பொறுக்கினவள் நின்றாள்.

"மூணுலயும் ஒசரமா, மூக்குக் கண்ணாடி போட்டு ஒருத்தங்க நிக்கறாங்களே, யாரு?"

"அவதான் விமலா. குப்பையில போடு."

அன்பரசி போடவில்லை. உடைந்த கோப்பையைச் சேர்த்துப் பார்ப்பது போல ஒவ்வொரு துண்டையும் அதனதன் மிக்கேலோடு சேர்த்து வைத்தாள்.

"அத்த, கண்ணாடியப் போட்டுக்கிட்டு இங்க வாங்க. இதுல உங்க அக்கா மாமாவுக்கு முதுகுப் பக்கம் நிக்கறாங்க. இதுலயும் பின்னாடிதான். இதுல தோளுக்குப் பக்கத்துல நிக்கறாங்க, மாமா தரையப் பாக்கறாரு."

ஆக்னஸ் குனிந்து பார்த்தாள். இத்தனை வருஷம் டிரங்குப் பெட்டிக்குள் கோபத்தோடு போட்டு மூடிய படங்கள்.

"கருவிழி ஒரு நூல் தள்ளிப்போனா பொம்மை வேற ஆளப் பாக்கும் அத்த. எனக்கு அதான பொழப்பு. மாமா பாக்கற ஆளு போட்டோவுலயே இல்ல, வெளிய நிக்குது."

"வெளிய யாரு நிப்பா?"

"எனக்கு எப்படித் தெரியும்? ஆமா, போட்டோ எடுக்கறப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"என்ன யாரு போட்டோவுக்குக் கூப்பிட்டது! லிசா ஞானஸ்நானத்துல புள்ள ஒரே அழுக. கேமராக்காரருக்கு வலது பக்கம் நின்னு கிலுகிலுப்பை ஆட்டிக்கிட்டு இருந்தேன். கோணாங்குப்பம் மாதா கோயில் திருவிழாவுல இடது பக்கம் நின்னு எல்லார் செருப்பையும் காவ காத்தேன். புது வூட்ட சாமியார் வந்து மந்திரிச்ச அன்னிக்கு கேமராக்காரர் காலடியில, தரையில உக்காந்து பாயாசம் ஊத்திக்..."

ஆக்னஸ் சட்டெனத் திரும்பினாள். சார்ட்டைப் பார்த்தாள். வலது. இடது. தரை.

எழுந்துபோய், மகளிர் குழு பாஸ்புக்கில் ஒட்டியிருந்த தன் சின்னப் படத்தைக் கிழியாமல் உரித்து எடுத்துவந்து, நடுவில் விட்ட இடத்தில் வைத்தாள்.

"ரொம்பச் சின்னதா இருக்குதே அன்பு, எடுபடுமா?"

"மூணு மாமாவும் உங்களத்தான அத்த பாக்கறாரு!"