நீலப் புள்ளி

மணிக்கட்டில் கட்டினால் உடலசைவையெல்லாம் ஓவியமாகத் தீட்டும் பட்டையொன்றை பொறியாளன் ஒருவன் உருவாக்கியிருந்தான். கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்க அவன் பட்டறைக்கு வந்த அம்மையார், பட்டையைச் சோதித்துப் பார்க்க ஆடிக்கொடுத்த நடனக்காரியின் செந்நிறச் சுழல்களைத் தாண்டிப்போய், வெள்ளைப் பரப்பின் ஓரத்தில் ஒற்றை நீலப் புள்ளி மட்டுமே இருந்த படத்தின்முன் நின்றுவிட்டார்.

“அடடா, என்ன அடக்கம்! இது யாரோடது தம்பி?”

“என் மனைவியோடது மேடம்.”

உடனிருந்த நடனக்காரிக்கு முகம் சுருங்கிவிட்டது. “நான் மூச்சு வாங்க ஆடினேன். உங்க மனைவி உட்கார்ந்த இடத்துலயே பேர் வாங்கிட்டாங்களே சார்!”



“இதே மாதிரி இன்னும் ரெண்டு வேணும். எப்போ தருவீங்க?” என்றார் அம்மையார்.

“சொல்ல முடியாது மேடம்.”

“ரொம்பத்தான் பிகு பண்றீங்க! ஒரு புள்ளி வைக்க எவ்வளவு நேரமாகும்? அவங்களைக் கூட்டிட்டு வாங்க, நானே கேக்கறேன்.”

“அவளால வர முடியாது. விபத்துக்கப்புறம் நினைவே திரும்பலை. விரல் துளி அசைஞ்சாலும் தெரியணும்னுதான் இதைச் செஞ்சேன். ஆஸ்பத்திரித் திரையில ஓடுற கோட்டைப் பார்க்கவே பயமா இருந்துச்சு. அதான் படமா வர்ற மாதிரி வச்சேன்.”

“அப்போ இந்தப் புள்ளி…” அம்மையார் படத்தருகே குனிந்தார். “அசைஞ்சிருக்காங்களே தம்பி!”

“பட்டையைக் கழட்டினதும்தான் பார்த்தேன். அவ விரல் அசைஞ்சதா, கழட்டும்போது என் கை நடுங்கினதான்னு தெரியலை.”

அவன் அந்தப் புள்ளியையே பார்த்தான்.

“எனக்கும் இன்னொண்ணு வேணும் மேடம்.”